நைட்டிங்கேலுக்கு எத்தாளையில ஒரு சொந்தக்காரன்

எத்தாளையில நைட்டிங்கேல் பாடாது. எத்தாளையில மட்டுமில்ல, கற்பிட்டியில, புத்தளத்துல, இலங்கையின் எந்தக் காட்டிலயும் அது பாடாது. மேற்கு ஐரோப்பாவில இருந்து மத்திய ஆசியா வரைக்கும் கூடு கட்டுற குருவி அது. குளிர் தொடங்கினதும் ஆப்பிரிக்காவுக்குப் போயிரும், ஏப்ரல் மாதமளவில திரும்பி வரும். அது போய் வாற பாதையில நம்மட தீவு இல்ல.

ஆனா அதன் பேர் நமக்கெல்லாம் தெரியும். நேரில பார்த்ததில்ல, காதால கேட்டதில்ல, இருந்தும் "இனிமையாப் பாடுற பறவை எது?" என்று யாராவது கேட்டா குயிலுக்கு அடுத்ததா வாயில வாறது நைட்டிங்கேல்தான். நம்மட வீட்டுக் கூரையில விடியக்காலையில உட்கார்ந்து பாடுற குருவிக்குப் பேர் கேட்டா பாதிப்பேர் "ஏதோ குருவி" என்று சொல்லிட்டுப் போவாங்க. இது எப்படி நடந்தது? கேட்காத குரல் மனசுல பதிஞ்சதுக்கும், தினமும் கேட்கிற குரல் பேரில்லாமப் போனதுக்கும் பின்னால ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் இங்க எழுதப் போறேன்.

கேட்காத பறவை எப்படி வந்தது?

நைட்டிங்கேல் நம்மட பக்கம் வந்தது இறக்கையால இல்ல, புத்தகத்தால. ஜோன் கீட்ஸ் 1819ஆம் ஆண்டு வசந்த காலத்துல, லண்டனுக்குப் பக்கத்துல ஹாம்ஸ்டெட்ல இருந்தபோது அந்தப் பறவையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பிரிட்டிஷ் பேரரசு எங்கெல்லாம் பள்ளிக்கூடம் திறந்ததோ அங்கெல்லாம் அந்த மாதிரிக் கவிதைகளும் போய்ச் சேர்ந்தன. இந்தியாவிலயும் இலங்கையிலயும் ஆங்கிலம் படிச்ச பிள்ளைகள் தங்கட வாழ்நாள்ல கேட்கவே வாய்ப்பில்லாத ஒரு குரலைப் பரீட்சைக்காக ரசிச்சாங்க.

இதுக்கு நல்ல உதாரணம் சரோஜினி நாயுடு. ஹைதராபாத்துல வளர்ந்த அவர் இளம் வயசுல இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், ஆங்கிலத்துல கவிதை எழுதத் தொடங்கினார். எட்மண்ட் கோஸ் என்ற விமர்சகர் அவரின் ஆரம்பக் கவிதைகளைப் பார்த்துட்டு, இங்கிலாந்துப் பறவைகளையும் காட்சிகளையும் விட்டுட்டு உங்கட நாட்டைப் பற்றி எழுதுங்க என்று அறிவுரை சொன்னார். 1912இல வந்த 'த பேர்ட் ஆஃப் டைம்' தொகுப்புக்கு எழுதின முன்னுரையில கோஸே இதைப் பதிவு செய்திருக்கிறார். சரோஜினியும் தன் ஊர்ப்பக்கம் திரும்பினார். பிறகு அவருக்குக் கிடைச்ச பட்டம் என்ன தெரியுமா? ஆங்கிலத்துல 'இந்தியாவின் நைட்டிங்கேல்', இந்திய மொழிகள்ல 'பாரத கோகிலா', தமிழ்ல 'கவிக்குயில்'. அதாவது நைட்டிங்கேலும் குயிலும் ஒன்றுதான் என்ற கணக்கு.

ஆனா அது ரெண்டும் ஒன்றில்ல. குயில் காக்கையின் கூட்டுல முட்டை போடுற பறவை, வேற குடும்பம். நைட்டிங்கேல் தானே கூடு கட்டி, தானே குஞ்சு வளர்க்கிற சின்னப் பூச்சிதின்னி. ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது ஒரு தப்பான நம்பிக்கை மட்டும்தான். கிரேக்கப் புராணத்துல பிலோமெலா என்ற பெண்தான் நைட்டிங்கேலோட சேர்த்துப் பேசப்படுறா. அதனால ஐரோப்பியக் கவிஞர்கள் நூற்றாண்டுக்கணக்கா பாடுற நைட்டிங்கேலைப் பெண்ணாகவே எழுதினாங்க. நம்மட பக்கமும் அதே கதைதான். பாரதியின் குயில் பாட்டுல வாற குயில் பெண். கே. பி. சுந்தராம்பாளுக்கு 'கொடுமுடி கோகிலம்' என்று பேர். சித்ராவுக்கு 'சின்னக்குயில்'. உண்மையில "குக்கூ" என்று உச்சத்துக்கு ஏறுற அந்தக் குரல் கறுத்த ஆண் குயிலின் குரல். பெண் குயில் புள்ளி போட்ட உடம்போட "கிக் கிக்" என்று கத்தும். நைட்டிங்கேல்லயும் இரவெல்லாம் விடாமப் பாடுறது பெரும்பாலும் இன்னும் சோடி கிடைக்காத ஆண்தான்.

இன்னொரு வாசல் பாரசீகம். பாரசீகக் கவிதையில ரோசாவும் புல்புலும் பிரிக்க முடியாத சோடி. அந்தப் புல்புல் நைட்டிங்கேல்தான். இந்தியாவுக்கு அந்தச் சொல் வந்தபோது இங்க நைட்டிங்கேல் இல்லாததால, கொண்டை வைச்ச வேறொரு குருவிக்கு அந்தப் பேரைக் கொடுத்தாங்க. நாம கொண்டைக்குருவி என்று சொல்றதுக்கு ஆங்கிலத்துல இன்றைக்கும் புல்புல் என்றுதான் பேர்.

பாரசீகம் என்றதும் ஏதோ தூரத்து விஷயம் என்று நினைக்காதீங்க. இப்னு பதூதா 1344இல இலங்கைக்கு வந்தபோது இறங்கினது நம்மட புத்தளத்துலதான். 'பத்தாலா' என்று அவர் எழுதி வைச்சிருக்கிற ஊர் இதுதான். அங்க அவர் சந்திச்ச ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழி விளங்கினவர் என்றும், வெளிநாட்டு அரசர்களைப் பற்றின கதைகளை ஆசையாக் கேட்டார் என்றும் குறிச்சிருக்கிறார். கிட்டத்தட்ட 700 வருஷத்துக்கு முன்னமே இந்தக் கரை உலகத்தைக் கேட்டுட்டு இருந்தது. உலகம் இந்தக் கரையைக் கேட்டதா என்பதுதான் என்ட கேள்வி.

முற்றத்துல இருக்கிற சொந்தக்காரன்

சுபஹு பாங்கு சொல்லி முடிஞ்சு, இன்னும் முழுசா வெளிச்சம் வராத அந்த நேரத்துல வெளியில வந்து பாருங்க. தென்னை ஓலை நுனியில, டிவி அன்டனாவில, மதில் மேல, ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி வாலைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டு இருக்கும். மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் பளபளக்கிற கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில ஒரு வெள்ளைக் கோடு. அது ஆண். பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதிலா சாம்பல் நிறம். தமிழ்ல குண்டுகரிச்சான் என்றும் வண்ணாத்திக்குருவி என்றும் சொல்லுவாங்க. சிங்களத்துல பொல்கிச்சா. எங்கட மூத்தம்மா வெறுமனே "கரிச்சான்" என்பா. இரட்டைவால் குருவிக்கும் அதே பேர்தான் சொல்லுவா, ஆனா அவவுக்கு ரெண்டும் குழம்பினதே இல்ல.

இந்தக் குருவிதான் நைட்டிங்கேலின் சொந்தக்காரன். பறவையியலில ரெண்டும் ஒரே குடும்பம், பூச்சி பிடிக்கிற ஈப்பிடிப்பான் குடும்பம். குயிலுக்கும் நைட்டிங்கேலுக்கும் இல்லாத உறவு இதுக்கு உண்டு. பாட்டும் அப்படித்தான். ஒரே சுருதியைத் திரும்பத் திரும்பச் சொல்றதில்ல. விசில் மாதிரி இழுக்கும், நிறுத்தும், வேற ஒரு வரியைத் தொடங்கும், நடுவுல வேற பறவையின் குரலையும் போட்டுக் காட்டும். மரப்பொந்துலயும் சுவர் ஓட்டையிலயும் கூடு கட்டுற காலத்துலதான் ஆண் இப்படி நீளமாப் பாடும். மற்ற மாதங்கள்ல அது இருக்கிறதே தெரியாத மாதிரி இருக்கும். ஆக நமக்கும் ஒரு வசந்தம் இருக்கு. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால குயில் கூவினா சிங்கள வீடுகள்ல "கோஹா வந்துட்டுது" என்று சொல்றதும் அந்த வசந்தத்தைத்தான். குயிலுக்காவது அந்த மரியாதை கிடைச்சுது. குண்டுகரிச்சானுக்கு அதுவும் இல்ல.

ஆனா அதன் குரல் உலக வரலாற்றுக்குள்ள போனது நைட்டிங்கேல் நம்மட பாடப்புத்தகத்துக்குள்ள வாறதுக்கு முன்னமே. சென்னைக் கோட்டையில, அதாவது அப்போதைய சென் ஜோர்ஜ் கோட்டையில, எட்வர்ட் பல்க்லி என்று ஒரு ஆங்கிலேய வைத்தியர் இருந்தார். அவர் சென்னையில பிடிச்ச பறவைகளைப் பற்றின விவரங்களை லண்டனில இருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். அது ஜோன் ரே எழுதின பறவை நூலோட சேர்ந்து 1713இல அச்சாச்சு. குண்டுகரிச்சான் ஐரோப்பிய அறிவியலுக்குள்ள நுழைஞ்சது அந்த வழியில. 1758இல லின்னேயஸ் அதுக்கு வைச்ச 'சௌலாரிஸ்' என்ற இலத்தீன் பேர் எங்கிருந்து வந்தது என்று பிறகு பெரிய விவாதமே நடந்தது. சூரிய கடிகாரத்தைக் குறிக்கிற சொல் என்று ஒரு சாரார். இல்ல, 'நூறு பாட்டு' என்று பொருள் வாற ஒரு உள்ளூர்ச் சொல்தான் அது என்று இன்னொரு சாரார்.

ரெண்டாவது விளக்கம் சரி என்றால் நினைச்சுப் பாருங்க. சென்னையில யாரோ ஒருத்தர், பறவை பிடிக்கிறவரோ சந்தையில விற்கிறவரோ, அந்தக் குருவியின் பேரைச் சொல்லியிருக்கிறார். வைத்தியரின் பேர் பதிவாச்சு, பெட்டிவரின் பேர் பதிவாச்சு, லின்னேயஸின் பேர் உலகம் முழுக்கப் போச்சு. பேர் சொன்னவரின் பேர் மட்டும் இல்ல.

முதல்ல பதிவான பறவைக் குரல்

அடுத்த கட்டம் இன்னும் ஆச்சரியம். உலகத்துல முதன்முதலா இயந்திரத்துல பதிவான பறவைப் பாட்டு எது என்று கேட்டா நைட்டிங்கேல் என்றுதான் நாம ஊகிப்போம். இல்ல. 1889இல ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துல லுட்விக் கோக் என்ற 8 வயசுப் பையன், அப்பா வாங்கிக் கொடுத்த எடிசன் போனோகிராபின் மெழுகு உருளையில, வீட்டுக் கூண்டுல வளர்த்த ஒரு பறவையின் பாட்டைப் பதிஞ்சான். நமக்குத் தெரிஞ்ச ஆகப் பழைய பறவை ஒலிப்பதிவு அதுதான். அந்தப் பறவை சோலைபாடி.

சோலைபாடி நம்மட ஆள். குண்டுகரிச்சானின் கூடப்பிறந்த இனம் என்று சொல்லலாம். நீளமான வால், செம்பழுப்பு வயிறு. தென்னாசியாவிலயும் தென்கிழக்காசியாவிலயும் காடுகள்ல வாழும். புத்தளம் களப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற வில்பத்துக் காட்டுலயும் அது பாடும். இலங்கையில இருக்கிற வகைக்கு 'லெகெய்' என்று அறிவியல் பேர் வைச்சிருக்காங்க. 1870களின் கடைசியில 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' என்ற பெரிய நூலை வெளியிட்ட வின்சென்ட் லெக் என்ற இராணுவ அதிகாரியின் ஞாபகமா வைச்ச பேர் அது. இங்கயும் அதே கணக்குத்தான். பறவை இங்க, பேர் அங்க.

கோக் வளர்ந்து பெரிய ஆளாகி, காட்டுப் பறவைகளின் குரலைப் பதியிறதையே தொழிலா வைச்சுக்கொண்டார். ஆனா அவர் யூதர். நாஜிகளின் ஆட்சியில ஜெர்மனியில இருக்க முடியாம 1936இல இங்கிலாந்துக்கு அகதியா வந்தார். அதே வருஷம் இங்கிலாந்துக் காட்டுப் பறவைகளின் பாட்டை இசைத்தட்டோட சேர்த்துப் புத்தகமா வெளியிட்டார். பிறகு பிபிசியில அவரின் குரலும் அவர் பதிஞ்ச பறவைகளின் குரலும் வீட்டுக்கு வீடு போச்சு. தன் ஊரை இழந்த ஒருத்தர்தான் இன்னொரு ஊருக்கு அதன் சொந்தப் பறவைகளைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தார்.

பிபிசிக்கு இந்தப் பழக்கம் அதுக்கு முன்னமே இருந்தது. 1924 மே 19ஆம் தேதி இரவு, சரே மாவட்டத்துல ஒக்ஸ்டெட் என்ற ஊர்ல, பியாட்ரிஸ் ஹாரிசன் என்ற கலைஞர் தன் வீட்டுத் தோட்டத்துல உட்கார்ந்து செல்லோ வாசிக்க, அதோட சேர்ந்து நைட்டிங்கேல் பாடினதை வானொலி நேரடியா ஒலிபரப்பியது. முதல் இரவுல பாடினது உண்மையான பறவையா, விசிலடிக்கிற மனுஷக் குரலா என்று 2022இல சந்தேகமும் செய்தியா வந்தது. ஆனா அடுத்தடுத்த வருஷங்கள்ல நடந்த ஒலிபரப்புகள்ல நைட்டிங்கேல் பாடினது உண்மை. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16இல எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியில தொடங்கினது. ஆசியாவிலேயே முந்தின வானொலிகள்ல ஒன்று. கருவி நம்மட நாட்டுக்கும் சீக்கிரமாவே வந்துட்டுது என்றுதான் இதைச் சொல்றேன்.

1942இல அதே மே 19 இரவு. ஒலிபரப்புக்குத் தயாரா ஒலிவாங்கி வைச்சு, நைட்டிங்கேல் பாடிக்கொண்டிருக்கும்போது மேல விமானச் சத்தம். ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்துல குண்டு போடப் போற 197 விமானங்கள். எதிரிக்குத் தகவல் போயிரும் என்று நேரடி ஒலிபரப்பை நிறுத்திட்டாங்க, ஆனா பதிவு மட்டும் ஓடியது. அந்தப் பதிவு இன்றைக்கும் இருக்கு. பறவை பாடுது, விமானம் போகுது, பறவை நிறுத்தவே இல்ல. அந்தப் பதிவைக் கேட்கிற யாருக்கும் யுத்தம் என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்ல.

நம்மட யுத்தத்துல என்ன பாடினது?

அந்த ஒலிப்பதிவைக் கேட்கும்போது எனக்கு வாற கேள்வி இதுதான். நம்மட யுத்தகாலத்து விடியலின் சத்தம் எங்க இருக்கு?

வில்பத்து 1938இலயே தேசியப் பூங்காவாச்சு. யுத்தத்தால 1988இல மூடினாங்க. 2003இல திறந்து, பிறகு திரும்ப மூடி, 2010இலதான் மறுபடி திறந்தது. அந்தக் கால்நூற்றாண்டுல பெரும்பகுதி, அந்தக் காட்டுல சோலைபாடி பாடினதைக் கேட்கக் காட்டுக்குள்ள சாதாரண மனுஷருக்கு இடமில்ல.

1990 அக்டோபர் கடைசியில விடுதலைப் புலிகள் வடக்கில இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினாங்க. கிட்டத்தட்ட 75,000 பேர். அதிகமான ஆக்கள் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் வள்ளத்துல ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தாங்க. கொண்டு வரக் கிடைச்சது உடுத்த உடுப்பும் கையில பிடிச்ச பிள்ளையும்தான். இழந்த வீடு, காணி, நகை, பள்ளிவாசல் எல்லாத்துக்கும் பட்டியல் இருக்கு, அறிக்கை இருக்கு, இருக்கவும் வேணும். ஆனா அவங்க விட்டுட்டு வந்த விடியக்காலை எப்படிச் சத்தம் போட்டது, எந்த மரத்துல எந்தக் குருவி, அதுக்கு அவங்கட ஊர்ல என்ன பேர், இதை யாரும் கேட்டு எழுதினதா நான் பார்க்கல. அந்தத் தலைமுறையில அன்றைக்கு நாற்பது வயசானவருக்கு இப்ப எழுபத்தஞ்சு தாண்டிட்டுது.

இது ஒரு சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். "சாப்பாட்டுக்கும் காணிக்கும் சண்டை நடக்கிற இடத்துல குருவிப் பாட்டா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா ஊர் என்றது காணி உறுதி மட்டுமில்ல. ஒரு ஆளிட்ட "உங்கட ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டா, கிணறும் மரமும் காலையில கேட்ட சத்தமும்தான் முதல்ல வரும். அது பதிவாகாட்டி, ஊர் என்றது வெறும் முகவரியா மிஞ்சும்.

குருவி எப்பவும் இருக்கும், பிறகு பார்த்துக்கலாம் என்றும் நினைக்க ஏலாது. சிங்கப்பூர்ல 1920கள்ல குண்டுகரிச்சான் சர்வசாதாரணமான குருவி. கூண்டுல வளர்க்கப் பிடிச்சுப் பிடிச்சு, வெளியில இருந்து கொண்டுவந்த மைனாக்களும் போட்டிக்கு வர, 1970கள்ல அரிதான பறவையாயிட்டுது. பிறகு பாதுகாத்து மீட்க வேண்டி வந்தது. இங்கிலாந்துல 1960களோட ஒப்பிட்டா நைட்டிங்கேல் பத்துல ஒன்பது பங்கு குறைஞ்சிட்டுது. கீட்ஸை மனப்பாடம் செய்த நாட்டுலயே அந்தக் குரலைக் கேட்க இப்ப இடம் தேடிப் போக வேண்டியிருக்கு. நம்மட தீபகற்பமும் நாம பிறந்தப்போ இருந்த மாதிரி இல்ல. 2011இல நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கினது. காற்றாடிகள் வந்தன. தோட்டங்கள்ல நீர் இறைக்கிற மோட்டார் விடியும் முன்னமே ஓடுது. மின்சாரமும் வேணும், தோட்டமும் வேணும். ஆனா பொந்துள்ள பழைய மரத்தைத் தறிக்கும்போது அதுக்குள்ள யார் இருக்கிறாங்க என்று ஒரு தடவை பார்க்கலாம்.

பட்டியல் போடுறது நம்மட பக்கத்துக்குப் புதுசில்ல. 1807இல கற்பிட்டியில பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல இலங்கையின் ஊர்களை அகரவரிசையில தொகுத்து 'சிலோன் கெசட்டியர்' வெளியிட்டார். 1859இல தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 'தமிழ் புளூட்டார்க்' எழுதினார். மற்றவங்க கவனிக்காத பேர்களைச் சேர்த்து எழுதி வைக்கிற பழக்கம் இந்த மண்ணுல ஒருத்தருக்கு இருந்தது. அவருக்கு அச்சகம் தேட வேண்டியிருந்தது. நம்மட கையில இருக்கிற போனுக்கு அதுவும் தேவையில்ல. எடிசனின் மெழுகு உருளையைவிட ஆயிரம் மடங்கு நல்ல கருவி அது.

வேலை சின்னதுதான். இந்த வருஷம் சித்திரைக்கு முன்னும் பின்னும், விடியும் முன் பத்து நிமிஷம் வெளியில நில்லுங்க. போனைப் பதிவுல போட்டுட்டுப் பேசாம இருங்க. தேதியும் நேரமும் இடமும் குறிங்க. பிறகு அதை உங்கட வீட்டுல ஆக வயசான ஆளிட்ட போட்டுக் காட்டி, "இதுக்கு நீங்க என்ன பேர் சொல்லுவீங்க?" என்று கேளுங்க. அவங்க சொல்ற பேரை அவங்க உச்சரிக்கிற மாதிரியே எழுதுங்க. அது புத்தகத்துல இருக்கிற பேராட்டியும் பரவாயில்ல, மாத்தி எழுதாதீங்க. பக்கத்துல சொன்னவரின் ஊரையும், அவங்க விரும்பினா பேரையும் எழுதுங்க. 1713இல விட்டுப்போனது அந்த ஒரு வரிதான்.